லேசர் முடிந்து நாலு மாதம். கண் ஏன் இன்னும் கரிக்கிறது?

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். பல்லடத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். நாலு மாதத்துக்கு முன் லேசிக் செய்துகொண்டேன். கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரிகிறது. ஆனால் காலையில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். வண்டியில் போனால் தண்ணீராகக் கொட்டுகிறது. சாயங்காலம் கம்ப்யூட்டர் எழுத்து மங்குகிறது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை எரியும்போது மட்டும் விடுகிறேன். பஞ்சுத் தும்மலுக்குத் தினமும் செட்ரிசின் போடுகிறேன். அத்தை விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ?

பதில்: அம்மணி, கண் காய்வதை வைத்து மட்டும் ஆபரேஷன் தப்பு என்று நினைக்காதீர்கள். லேசிக்கில் கருவிழியின் மேலே மெல்லிய மூடி மாதிரி ஒரு படலத்தை வெட்டித் திறக்கிறார்கள். அப்போது அங்கே ஓடும் நுண் நரம்புகளும் அறுபடுகின்றன. ‘கண் காய்கிறது, கண்ணீர் விடு, இமையை மூடு’ என்று சொல்லி அனுப்புவது அந்த நரம்புகள்தான். அவை திரும்ப வளரும் வரை கண்ணீரும் குறையும், சிமிட்டலும் குறையும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இது தணிந்துவிடும். சிலருக்குக் கூடுதலாக ஆகும்.

‘காய்ந்த கண்ணில் ஏன் தண்ணீர் கொட்டுகிறது?’ என்று பலரும் குழம்புகிறார்கள். காற்று பட்டு எரிச்சல் தாங்காமல் கண் அவசரத்துக்குச் சுரக்கும் தண்ணீர் அது. கண்ணில் ஒட்டி நிற்காது, கன்னத்தில்தான் வழியும். நீங்கள் போகும் வழியோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் வழி. ஆனி, ஆடியில் பல்லடம் பக்கம் அது எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட் கண்ணாடியை முழுக்க இறக்கி, உள்ளே பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பவர் கண்ணாடியை விட்டவருக்கு இது கசப்பாக இருக்கும், ஆனால் இப்போதைக்கு அவசியம்.

சொட்டு மருந்தை எரிந்த பிறகு விடுவதுதான் உங்கள் சிரமத்தில் பாதி. எரிச்சல் வருவதற்கு முன்பே, டாக்டர் சொன்ன நேரக் கணக்கில் விடுங்கள். வண்டி எடுக்கும் முன் ஒரு தடவை, கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன் ஒரு தடவை. ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பாட்டில்கள் பலவற்றில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ், அடிக்கடி பட்டால் கருவிழியின் மேற்பரப்பையே புண்ணாக்கும். பிரிசர்வேட்டிவ் இல்லாதது பெரும்பாலும் சின்னச் சின்னக் குப்பிகளாக வரும். குப்பியின் தலையைத் திருகி, முதல் சொட்டைக் கீழே விட்டுவிட்டு, குப்பி நுனி இமைமுடியில் படாமல் அடுத்த சொட்டைக் கீழ் இமைக்குள் விட வேண்டும். திறந்த குப்பியை எப்போது தூக்கிப் போடுவது என்று அட்டையில் போட்டிருக்கும். மருந்தை ஸ்கூட்டி டிக்கியில் வெயிலில் வேகவிடாதீர்கள்.

காலை உறுத்தலுக்கு, படுக்கும் முன் விடும் ஜெல் ஒன்றை டாக்டரிடம் கேளுங்கள். கொஞ்ச நேரம் மங்கும், தூங்கப் போவதால் பரவாயில்லை. ஃபேன் காற்று நேராக முகத்தில் விழாதபடி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

அந்த செட்ரிசினை நான் ரொம்பவே சந்தேகப்படுகிறேன். அது மூக்கை மட்டும் காய வைப்பதில்லை, கண்ணீரையும் குறைக்கும். தினமும் போடுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒத்துவரலாம். கம்பெனியில் மாஸ்க் போடுங்கள், ஆனால் மூக்கின் மேல் உள்ள கம்பியை நன்றாக அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் மூச்சுக்காற்று மேலே ஏறிக் கண்ணைக் காய வைக்கும்.

சாயங்கால மங்கல் சிமிட்டினால் தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால் கண்ணீர்ப் படலத்தின் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, சிமிட்டுவதும் அரைகுறை. இமை இரண்டும் தொடும்படி முழுசாக மூடித் திறந்து பழகுங்கள். மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் கண் அவ்வளவு விரியத் திறக்காது.

அத்தை சொன்ன விளக்கெண்ணெய் வேண்டாம். விளக்கெண்ணெய் சேர்த்துச் செய்த கண் மருந்துகள் உண்டுதான், ஆனால் அவை கிருமி நீக்கியவை. அடுப்படி பாட்டில் அப்படியல்ல. தாய்ப்பாலுக்கும் இதே பதில்தான்.

ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மிச்சம் இருந்தால் அதை நீங்களாக எடுத்து விடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டும் வாங்காதீர்கள். கண் அழுத்தம் ஏறலாம். லேசருக்குப் பின் கருவிழி மெலிந்திருப்பதால், அளக்கும்போது அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இனி எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் ‘லேசிக் செய்திருக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால், ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்க் கண்ணீர் அளவு, இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணீர் வடியும் துளையில் குட்டி அடைப்பான் வைப்பது, கண்ணின் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. சைக்ளோஸ்போரின் வேலை செய்ய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆரம்பத்தில் எரிகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். திடீர் வலி, நன்றாகச் சிவப்பது, வெளிச்சம் கூசுவது, சிமிட்டியும் தெளியாத மங்கல், கண்ணில் அடி, இதில் ஒன்று நடந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். லீவு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.