டச்சு சம்பந்தியின் பூர்வீகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிச்சிகனில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் டச்சு வம்சாவளி அமெரிக்கர். பேரனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஐந்து தலைமுறை சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டில் தெரிந்தது கொஞ்சம்தான். மருமகனின் கொள்ளுத்தாத்தாவுடைய அப்பா நிக்கலஸ், மனைவி குழந்தைகளோடு 1880களில் வந்தாராம். எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி குடும்பப்பெயரை மாற்றி எழுதிவிட்டாராம். அந்தப் பெயரே நெப்போலியன் காலத்தில் விளையாட்டாக வைத்துக்கொண்டதாம். இணையத்தில் யாரோ ஏற்றியிருக்கும் மரம் 1500களில் ஒரு பிரபுவிடம் போய் நிற்கிறது. இதையெல்லாம் நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது? கையில் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

(கடிதத்தில் இருந்த மற்ற பெயர்களை எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள அம்மா,

பிரபுவை முதலில் வழியனுப்பிவிடலாம். டச்சு அமெரிக்கர்களிடம் இந்த ஆசைக்குப் பழைய வரலாறு உண்டு. 1630இல் கணவரோடு நியூ நெதர்லாந்துக்கு, அதாவது இன்றைய நியூயார்க் பக்கம், வந்து சேர்ந்தவர் அன்னெக்கே யான்ஸ். அந்தக் குடும்பத்துக்கு மன்ஹாட்டனில் 62 ஏக்கர் பண்ணை இருந்தது. பின்னாளில் அது டிரினிட்டி தேவாலயத்தின் கைக்குப் போய்விட்டது. மன்ஹாட்டனில் நிலத்தின் விலை ஏற ஏற, அன்னெக்கேயின் வாரிசு நான்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் பெருகினார்கள். வழக்குக்கு மேல் வழக்கு. அவர் நெதர்லாந்தின் ஆரஞ்சு வம்சத்து இளவரசர் வில்லியமின் பேத்தி, ரகசியக் கல்யாணத்தின் வழி வந்தவர் என்றெல்லாம் கதை கட்டினார்கள். அந்தக் கதையைச் சொல்லி வாரிசுகளிடம் பணம் வசூலித்தே பிழைத்தவர்கள் உண்டு. உண்மையில் அவர் நார்வேயில் ஃப்ளெக்கரோய் என்ற சிறு தீவில் பிறந்தவர். இளவரசர் இருக்கட்டும், அந்தம்மா பிறப்பால் டச்சுக்காரரே இல்லை.

ரூஸ்வெல்ட் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜனாதிபதிகளைத் தந்த வீடு. 17ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கிய அவர்களுடைய முன்னோர் நெதர்லாந்தில் எந்த ஊர்க்காரர் என்று ஆவணத்தோடு யாரும் நிரூபிக்கவில்லை. ஸேலாந்து மாகாணத்தில் ஓர் ஊர் உரிமை கொண்டாடுகிறது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் சம்பந்தி வீட்டு மரத்தை 1500 வரை இழுத்துப் போனவரிடம், ஒவ்வொரு படிக்கும் எந்தத் தாளைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இன்னொரு மரத்தைப் பார்த்து எழுதினேன் என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடலாம்.

எல்லிஸ் தீவுக் கதையும் நிற்காது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சரிபார்த்த அந்த நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1இல். 1880களில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டன் வழியாக வந்தார்கள். எங்கே இறங்கினாலும் பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல்காரர்கள். இறங்கும் இடத்து அதிகாரிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள், புதுப்பெயர் சூட்டவில்லை. பெயர் மாறியதெல்லாம் அப்புறம், பள்ளிக்கூடத்திலும் வேலை செய்த இடத்திலும், பெரும்பாலும் அவர்கள் விருப்பத்தோடேயே. யான் ஜான் ஆனார், ஹெண்ட்ரிக் ஹென்றி ஆனார், டி யோங் குடும்பம் டி யங் ஆனது. உங்கள் நிக்கலஸ், கப்பல் ஏறும்போது கிளாஸாக இருந்திருக்கலாம். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நெப்போலியன் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1810இல் நெதர்லாந்தைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டவர், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 18இல், குடும்பப்பெயர் இல்லாதவர்கள் ஒன்றை வைத்துப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். ஆட்சியை நக்கல் செய்யத்தான் 'நிர்வாணமாய்ப் பிறந்தவன்' என்ற ரீதியில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்தப் பெயர் நெப்போலியனுக்கு முன்பே பதிவுகளில் உண்டு. பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே குடும்பப்பெயர் இருந்தது. ஃப்ரீஸ்லாந்து, குரோனிங்கன் போன்ற வடக்கு மாகாணங்களில்தான் பலர் நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரோடு காலம் தள்ளினார்கள். பீட்டரின் மகன் கிளாஸ் பீட்டர்ஸ், அவர் மகன் யான் கிளாஸஸ். அதனால் வடக்கத்திக் குடும்பமாக இருந்தால், இன்றைய குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு 1811ஐத் தாண்டுவது கஷ்டம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே. குடும்பப்பெயரைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு: அவர்கள் கிளம்பிய கிராமம், அப்புறம் நிக்கலஸின் மனைவியுடைய பிறந்தவீட்டுப் பெயர். நிக்கலஸ் மாதிரி பெயரில் அந்தக் காலத்து நெதர்லாந்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவரையும் அவர் மனைவியையும் சேர்த்துத் தேடினால் ஒரு ஜோடிதான் மிஞ்சும்.

கிராமத்தின் பெயர் அரசாங்கத் தாள்களில் சுலபத்தில் கிடைக்காது. 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்து சேர்ந்த ஆண்டு இருக்கும், பிறந்த இடம் என்று நாட்டின் பெயரோடு நின்றுவிடும். 1906க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களும் அநேகமாக அப்படித்தான். தேவாலயப் பதிவேடு அப்படியல்ல. டச்சுக் குடியேறிகள் ஊர்ச் சபையிலிருந்து உறுப்பினர் சான்று வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். எந்தச் சபையிலிருந்து வந்தார்கள் என்பதை இங்கே பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள். குடும்பம் டச்சுக் குடியேறிகளின் புராட்டஸ்டண்ட் சபையான ரிஃபார்ம்ட் சர்ச்சா, அதிலிருந்து 1857இல் பிரிந்த கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட் சர்ச்சா என்று சம்பந்தியிடம் கேளுங்கள். உங்கள் ஊரிலேயே கால்வின் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிட வசதியான இடம் அமெரிக்காவில் அதிகம் இல்லை. மனைவியின் பெயருக்கு, மிச்சிகனில் இறந்த அவர்களுடைய பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்களைப் பாருங்கள். 1897க்குப் பிந்தையவற்றில் தாயின் பிறந்தவீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.

இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் நெதர்லாந்துப் பக்கம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. 1811 முதல் நாடு முழுக்கப் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு. பெரும்பகுதி இணையத்தில் இருக்கிறது. வீவாஸ்வீ (WieWasWie), ஓப்பன் ஆர்கைவ்ஸ் (Open Archives) ஆகிய தளங்களில் இலவசமாகத் தேடலாம். எனக்கு அந்தப் பதிவுகளில் மிகவும் பிடித்தது, பெண் கடைசிவரை பிறந்தவீட்டுப் பெயரிலேயே இருப்பதுதான். கல்யாணம் ஆகி, எட்டுப் பிள்ளை பெற்று, எண்பது வயதில் இறந்தாலும் பதிவில் அப்பா வீட்டுப் பெயர்தான். நம் பக்கம் கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டால் 'இன்னார் சம்சாரம்' என்று ஒரு பத்திரம் கிடைத்தாலே பெரிய விஷயம். நீங்கள் சொன்ன ஐந்து தலைமுறையில் பாட்டிமார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

திருமணப் பதிவில் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் தொழிலோடு வருவார்கள். அதைவிட அருமையானது, திருமணத்துக்காக ஒப்படைத்த துணைத்தாள்களின் கட்டு. மணமக்களின் பிறப்புச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்று, சில சமயம் தாத்தாவுடையதுகூட. மாப்பிள்ளையின் ராணுவச் சேவைத் தாளில் உயரம், கண் நிறம், மூக்கின் வடிவம் எல்லாம் எழுதியிருப்பதுண்டு. புகைப்படம் இல்லாத ஏழை விவசாயக் கூலியின் முகம் அங்கேதான் கிடைக்கும். கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு வறுமைச் சான்று கொடுத்துக் கல்யாணம் பதிந்தார்கள், அந்தத் தாளும் இந்தக் கட்டுக்குள் இருக்கும்.

அப்புறம் 1850இல் தொடங்கிய மக்கள் பதிவேடு. வீட்டு வாரியாக, யார் எப்போது எங்கே போனார்கள் என்று குறிப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு எதிரேயும் 'வட அமெரிக்கா' என்று இருக்கலாம். 1880களில் மலிவான அமெரிக்க தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்து விலை விழுந்தது. குரோனிங்கன், ஃப்ரீஸ்லாந்து, ஸேலாந்து மாகாணங்களின் களிமண் நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள் வேலையிழந்து, தங்களை வீழ்த்திய தானியம் விளைந்த நாட்டுக்கே கப்பல் ஏறினார்கள்.

ஸேலாந்துக்காரர்களாக இருந்தால் ஒரு சங்கடம் உண்டு. 1940 மே 17இல் மிடில்பர்க் நகரம் எரிந்தபோது அங்கிருந்த மாகாண ஆவணக்காப்பகத்தில் ஏராளமான பழைய தேவாலயப் பதிவேடுகள் போய்விட்டன. அங்கே 1811க்கு முன்னால் பல ஊர்களில் தடம் அறுந்துவிடும்.

பேரனின் பள்ளி வேலைக்கு நெதர்லாந்து வரை போக வேண்டாம். கணக்கெடுப்பு, இறப்புச் சான்றிதழ், தேவாலயப் பதிவேடு மூன்றை வைத்தே ஐந்து தலைமுறை எட்டிவிடும். இரண்டு வாரம் தாராளம். கிராமத்தின் பெயர் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், எந்த மாகாணக் காப்பகத்தில் தேடுவது என்று சொல்கிறேன்.