டிசம்பரில் புறாத்தீவு: திகதியை அல்ல, திசையை மாற்றுங்கள்

டிசம்பர் கடைசி வாரம் கொழும்பிலிருந்து தனியாகக் காரில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளி போய், பவளப்பாறை பார்க்கப் படகில் புறாத்தீவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாரம் வேண்டாம். வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். படகு ஓடினாலும் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் நண்பர் காட்டியதாகச் சொன்ன, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர்ப் படங்கள் மே முதல் செப்டம்பருக்குள் எடுத்தவையாக இருக்கும். டிசம்பர் 'சீசன்' என்பது தெற்குக்கும் மேற்குக்கும்தான். பலர் இதில்தான் குழம்புகிறார்கள்.

நிலாவெளியில் அறைக்குப் பணம் கட்டிவிட்டீர்களா? அப்படியென்றால் திகதி நெருங்கியதும் விடுதிக்கு அழைத்து, "இன்று காலை படகு போனதா?" என்று மட்டும் கேளுங்கள். "போகலாம்" என்ற பதிலை நம்பி அவ்வளவு தூரம் ஓடாதீர்கள்.

என் யோசனை தெற்கு. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, காலிக்குப் பக்கத்திலுள்ள பின்னதூவவில் இறங்கினால் உனவட்டுனக் கடற்கரை பக்கம்தான். அப்புறம் கடலோரமாகவே வெலிகம, மிரிஸ்ஸ. மிரிஸ்ஸவில் கரையை ஒட்டிய கிளிப்பாறைக்குத் தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாம். மாலை வெயிலில் அங்கே நிற்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். கார் இல்லாமல் மோட்டார் சைக்கிள் என்றால் கடலோரமாகப் போகும் காலி வீதிதான், அதிவேகப் பாதையில் விடமாட்டார்கள்.

ஒன்று மட்டும்: தனியாகப் போகிறீர்கள், தெற்கிலும் ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் இழுவை நீரோட்டம் உண்டு. சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள்.