‘மா’ என்றால் சீனத்தில் திட்டா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாயும் தொக்கும் போட்டு விற்கிறேன். ‘மா’ என்று பெயர் வைத்து டிரேட்மார்க் வாங்க ஆசை. ஏஜென்ட் ஒருவர், “சீனத்தில் இதற்குத் திட்டு என்று பொருள், அரபியில் இல்லை என்று பொருள். இருபது மொழியில் அலசி அறிக்கை தருகிறேன், 18,000 ரூபாய் ஆகும்” என்கிறார். டொராண்டோவுக்கும் அனுப்பும் எண்ணம் உண்டு. பெயரை மாற்றவா?

பதில்: முதலில் அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் தொல்லை. மூடிய உதட்டைத் திறந்தாலே வந்துவிடும் ஒலி இது. எந்த மொழியில் துழாவினாலும் ஏதாவது அகப்படும். இத்தாலியனில் ‘ஆனால்’, ஹங்கேரியனில் ‘இன்று’, ஜப்பானியத்தில் ‘இடைவெளி’. சீனத்தில் குரலை உயர்த்தி நீட்டினால் அம்மா, தணித்து ஏற்றினால் குதிரை, வெடுக்கென்று இறக்கினால்தான் திட்டு. ஊறுகாய் பாட்டில் எந்தக் குரலில் பேசப் போகிறது? தெலுங்கில் ‘மா’ என்றால் ‘எங்கள்’. ‘மா இல்லு’ எங்கள் வீடு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘மன இல்லு’. நம்முடைய எங்கள், நம் வேறுபாடேதான். ஆவக்காய் ஊர்க்காரர்கள் ‘மா’ என்ற பாட்டிலைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள்.

உங்களுக்கு ஆபத்து தமிழில்தான் இருக்கிறது. அதை ஏஜென்ட் சொல்லவே இல்லை, பாருங்கள். ‘மா’ என்றால் பெரிய, விலங்கு, வேலி என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கு, எல்லாம் சரி. மாமரம் என்றும் பொருள். பண்டம் எதனால் ஆனது, எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்லும் சொல்லை 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆவது பிரிவு பதிவுக்கு ஏற்காது. மாங்காய் ஊறுகாய்க்கு ‘மா’ என்பது உப்புப் பொட்டலத்துக்கு ‘உப்பு’ என்று பெயர் வைத்த கதை. தமிழ் எழுத்தில் பெயர் கொடுத்தால் உச்சரிப்பையும் பொருளையும் விண்ணப்பத்திலேயே இந்தியிலோ ஆங்கிலத்திலோ தர வேண்டும். “பொருளில்லாத சொல் என்று போட்டுவிடலாம் மேடம்” என்பார்கள் ஏஜென்ட்கள். கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்தில் இருப்பவர் மாங்காய் தின்றதில்லையா?

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதைப் பொறுமையாகப் படியுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னாலே வாங்குகிறவர்களுக்கு உங்கள் சரக்குதான் நினைவுக்கு வருகிறது என்று காட்ட முடிந்தால் பதிவு கிடைக்கும். ஆனால் வாங்குகிறவர்களிடம் அந்த அறிமுகம் விண்ணப்பத் தேதிக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். முன்பே என்றால் முன்பேதான்; விண்ணப்பித்த பிறகு நீங்கள் லாரி லாரியாக விற்றாலும் அது கணக்கில் வராது. பெயர் அச்சிட்ட பில், பழைய லேபிள், விளம்பரத்துக்குக் கொடுத்த ரசீது, ஆண்டுவாரி விற்பனைக் கணக்கு, எல்லாம் தேதியோடு வேண்டும். அக்கம்பக்கத்தார் நாலு பேர் வாட்ஸ்அப்பில் “சூப்பர் ஆன்ட்டி” என்றது போதாது.

அதற்கு வழியில்லை என்றால் ‘மா’வோடு உங்களுக்கே உரிய இன்னொரு சொல்லைச் சேருங்கள். படம் போட்டு லேபிளாகப் பதிந்து தருகிறேன் என்பார்கள். லேபிள் பதிவாகும், அதிலுள்ள ‘மா’ தனியாக உங்களுக்குச் சொந்தமாகாது. பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ (TM) என்று போட்டுக்கொள்வதும் பதிவல்ல, எவரும் போடலாம்.

டிரேட்மார்க் பதிவுக்காகப் பண்டங்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஊறுகாய் 29ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அரசு இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்தில் பதில் போட வேண்டும். நமக்குத்தான் அந்தக் கெடு. அவர்கள் ஹியரிங்குக்குக் கூப்பிடும் நாளை அந்தக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கே பதிந்தது கனடாவில் செல்லாது, அங்கே தனியாகப் பதிய வேண்டும். டொராண்டோவில் ஈழத்தமிழர்கள் நிறைய. அவர்களுக்கு ‘மா’ என்றால் நம் மாவு: அரிசி மா, கோதுமை மா. மூடியில் ‘ஊறுகாய்’ என்பதைப் பெரிதாகப் போடுங்கள், புட்டுக்கு மா வாங்க வந்தவர் ஏமாந்துவிடப் போகிறார்.