இரண்டாவது காவலன்

வணக்கம் சார்,

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடியவர்களைப் பற்றிய பாடத்துக்கு ஒரு வீடியோ கேம் கிடைக்குமா என்று தேடினேன். 2010-இல் ஒரு ஜெர்மன் மாணவர் உருவாக்கிய '1378 (கி.மீ.)' என்ற கேமில் நாமே எல்லைக் காவலராகி, ஓடுகிறவரைச் சுடலாம் என்று படித்ததும் பகீரென்றது. மனிதர்களின் துயரத்தை விளையாட்டாக்கலாமா? பிள்ளைகளைத் தப்பி ஓடுபவர்களாக மட்டும் ஆடவைத்தால் போதாதா? எந்த கேமை, எந்த வயதில் கொடுக்கலாம்?

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் எனக்கும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். துயரத்தை விளையாட்டாக்கலாமா என்ற கேள்வியை விடுங்கள். சிரியாவிலிருந்து தப்பிவந்த அப்துல்லா கரம் தன் சொந்தக் கதையையே 'பாத் அவுட்' என்று 2017-இல் கேமாக்கினார். நாம் ஆடும்போது திரையின் மூலையில் அவரே வீடியோவில் வந்து நம்மைக் கிண்டலும் செய்கிறார். பட்டவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

ஆனால் 'தப்பி ஓடுபவர்களாக மட்டும்' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ஏன் மட்டும்? அது ஆடுகிறவருக்குச் சுகமாக இருக்கும் என்பதாலா? பதுங்கு, ஓடு, தாண்டு, கைதட்டல். உங்கள் மாணவர்கள் தங்களை வீரர்களாக நினைத்துக்கொண்டு வகுப்பை விட்டுப் போவார்கள். அந்த அரசாங்கமோ புயல் மழை போல எங்கிருந்தோ வந்த ஒன்றாக அவர்கள் மனதில் தங்கிவிடும். அதை நடத்தியவர்கள் மனிதர்கள், டீச்சர், அதிலும் பலர் உங்கள் மாணவர்களைவிட நாலைந்து வயதே மூத்தவர்கள்.

என் அக்கா மகன் பரமசாது. அவன் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி வேலை. ஒரு கணவன் எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருந்து உள்ளே போகிறான், அடுத்து வரும் அவன் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை, திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறாள். அந்த கேமில் ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை மட்டும்தான், சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள். அது இவனுக்கும் தெரியும். இருந்தும் திருப்பி அனுப்பினான். ஏன்டா என்றேன். "அந்த ரெண்டு வார்னிங்கும் நான் தெரியாம தப்பு பண்ணா வேணும் மாமா" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஓடுகிறவராக மட்டும் ஆடியிருந்தால் இந்த வரி அவன் வாயிலிருந்து வந்திருக்காது.

இப்போது உங்கள் பாடத்துக்கு வருகிறேன். கிழக்கு, மேற்கு என்று பிரிந்துகிடந்த பெர்லினில் 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தது. மூன்றாம் நாளே கொன்ராட் ஷூமான் என்ற 19 வயதுக் காவலர் முள்கம்பியைத் தாண்டி மேற்கே குதித்துவிட்டார். காவலுக்கு நிற்கிறவனே ஓடினால் அரசாங்கம் என்ன செய்யும்? இரண்டிரண்டு பேராக நிறுத்தியது. அதிலும் ஜோடியை மாற்றிக்கொண்டே இருந்தது, ஒருவரை ஒருவர் நம்பும் அளவுக்குப் பழகிவிடக் கூடாதே! எல்லை மீறுகிறவரைப் பிடி அல்லது ஒழித்துவிடு என்ற உத்தரவைப் பணிக்குப் போகும்போதெல்லாம் வாசிப்பார்கள். இருட்டில் ஒருவன் ஓடுகிறான். நீங்கள் வேண்டுமென்றே குறி தவறிச் சுடலாம். பக்கத்தில் நிற்கிறவன் போட்டுக்கொடுப்பானா? அவனும் உங்களைப் பற்றி அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இதைப் பாடப்புத்தகத்தில் எழுதினால் ஒரு வாக்கியம், அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். விளையாட்டில்தான் அந்த விதி உடம்பில் ஏறும்.

1989 பிப்ரவரியில் கிறிஸ் குஃப்ராய் என்ற 20 வயது இளைஞர் அந்த எல்லையில் எழுந்த பெர்லின் சுவரைத் தாண்ட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் கடைசி ஆள் அவர். அன்று பணியில் இருந்த நான்கு காவலர்களுக்கும் ஆளுக்கு ஒரு பதக்கமும் 150 மார்க் பணமும் கிடைத்தன. ஜெர்மனி ஒன்றான பிறகு, 1992-இல், உயிரைப் பறித்த குண்டைச் சுட்டவருக்கு மூன்றரை ஆண்டு தண்டனை விதித்தார்கள், பிறகு அது சிறைக்குப் போகத் தேவையில்லாத இரண்டாண்டாகக் குறைந்தது. நீங்கள் பயந்த அந்த கேமிலும் இதுதான் நடக்கிறது. சுடுகிற காவலருக்குப் பதக்கம், உடனே 2000-ஆம் ஆண்டுக்குத் தூக்கிப்போட்டு நீதிமன்றத்தில் நிறுத்துகிறது. இதைப் படிக்காமலேயே பகீரென்று ஆகிவிட்டீர்களே! ஜெர்மனி ஒன்றிணைந்த தினமான அக்டோபர் 3 அன்று வெளியிடத் திட்டமிட்டது மகா அசட்டுத்தனம், பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் கொதித்ததில் தப்பே இல்லை, எதிர்ப்பு வலுத்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. எனக்கு இருக்கும் குறை வேறு. சுட்ட பிறகுதான் நீதிமன்றம் வருகிறது. சுடுவதற்கு முந்தைய அந்த நிமிடம்தான் எனக்கு வேண்டும்.

சரி, எந்த கேம்? '1378' வேண்டாம், அது துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தின் மேல் கட்டியது, ஒன்பதாம் வகுப்புக்குச் சரிப்படாது. வயதை உங்கள் வகுப்பைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள். என்னைக் கேட்டால் கம்ப்யூட்டரே வேண்டாம். இரண்டு மாணவர்களைப் பேசவிடாமல் உட்காரவைத்து, 'சுடுவேன், குறி தவறுவேன், போட்டுக்கொடுப்பேன்' என்று ஆளுக்கு மூன்று சீட்டு கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜோடியை மாற்றுங்கள். யாரை யாரோடு சேர்ப்பது என்ற பட்டியலை மட்டும் நீங்கள் போடாதீர்கள், அதையும் ஒரு மாணவரிடமே விடுங்கள்.