கேள்வி நேரம்: டைமிங் மார்க் அரைப் பல் தள்ளி நிக்குது, என்ன பண்ண?

கேள்வி: சார், 150 சிசி சிங்கிள் சிலிண்டர் பைக், டைமிங் செயினை (கிராங்க்ல இருந்து கேமை, அதாவது வால்வை திறக்கற தண்டை, சுத்த வைக்கற செயின்) வீட்லயே மாத்திட்டேன். கிராங்க் முனைல இருக்கற மேக்னெட்ல டி மார்க் (பிஸ்டன் உச்சத்துல நிக்கறதை காட்டற கோடு) கரெக்டா நிக்குது, ஆனா கேம் ஸ்ப்ராக்கெட்ல இருக்கற கோடு ஹெட் விளிம்புக்கு நேரா வரல. இப்படி மாட்டுனா இந்தப் பக்கம் சாயுது, ஒரு பல் தள்ளி மாட்டுனா அந்தப் பக்கம் சாயுது. அப்படியே மூடிடலாமா?

பதில்: மூடாதீங்க, கிக்கர், செல்ஃப் ரெண்டையும் தொடாதீங்க. அரைப் பல் தப்புன்னு ஒன்னு கிடையவே கிடையாது, தப்புனா முழுப் பல்லு தான் தப்பும் (ஹெட்டை சீவியிருந்தா மயிரிழை மாறும், அதை விடுங்க), உங்களுக்கு அரையா தெரியுதுன்னா செயின் தொய்வு தப்பான பக்கம் கிடக்கு, டென்ஷனர் (செயின் தொய்வை எடுக்கற பாகம்) மாட்டாம தொளதொளன்னு இருக்கும்போதே மார்க்கை பாத்துருப்பீங்க.

முதல்ல அது டி தானான்னு பாருங்க, பக்கத்துலயே எஃப்னு ஒரு மார்க் இருக்கும், அது ஸ்பார்க்குக்கு. அப்புறம் கிராங்க் கேமை இழுக்கற பக்கத்து செயினை விறைப்பா புடிச்சுக்கிட்டு ஸ்ப்ராக்கெட்டை மாட்டுங்க, மிச்ச தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வந்துடணும். இப்ப டென்ஷனர் ஓட்டைல விரலை விட்டு கைடை (செயின் மேல உரசி நிக்கற பட்டை) அமுக்கிப் பாருங்க, கோடு லேசா நகர்ந்து வந்து நேரா உக்காரும். உக்காரலையா, அப்ப ஒரு பல் மாத்தணும்.

சரியா வந்ததும் டென்ஷனரை உள்ள இழுத்துப் புடிச்சு மாட்டி, போல்ட் டைட் பண்ணினதுக்கு அப்புறம் தான் விடணும், நீட்டிக்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முறுக்கினா செயின் விறைச்சுக்கும், அலுமினியத்துல போல்ட் ஓட்டை மறையும் போயிடும். பிளக்கை கழட்டிட்டு ஸ்பேனரால கிராங்கை இன்ஜின் ஓடற திசைல ரெண்டு முழு சுத்து சுத்தி மறுபடி பாருங்க. டி மார்க்கை தாண்டிட்டீங்கன்னா பின்னாடி திருப்பக்கூடாது, திருப்பினா தொய்வு இழுக்கற பக்கம் வந்து திரும்ப அதே அரைப் பல் கதை தான், இன்னொரு ரெண்டு சுத்து முன்னாடியே போங்க. நடுவுல டக்குனு முட்டி நின்னா பலம் குடுக்காதீங்க, வால்வு பிஸ்டன்ல இடிக்குதுன்னு அர்த்தம்.

ஒரு பல் தானேன்னு விட்டுடாதீங்க சார். கேம் ஸ்ப்ராக்கெட்ல 34 பல் இருந்தா ஒரு பல்லுக்கு கேம்ல 10.6 டிகிரி, கிராங்க் கணக்குல 21 டிகிரிக்கு மேல. வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஆகும், ஆனா இழுவை இருக்காது, சைலன்சர்ல வெடிக்கும்.

கேள்வி: கேமை கழட்டும்போது டி மார்க் பாக்கல. இப்ப பிஸ்டன் கம்ப்ரெஷன்ல மேல நிக்குதா, எக்ஸாஸ்ட்ல மேல நிக்குதான்னு எப்படி கண்டுபுடிக்கறது?

பதில்: கண்டுபுடிக்கவே வேணாம். கேம் வெளிய இருக்கும்போது பிஸ்டனுக்கு எல்லா மேலயும் ஒன்னு தான், எந்த ஸ்ட்ரோக்னு முடிவு பண்றதே கேம் தான். மேக்னெட் சுத்தறதை பாக்கற பிக்கப் சென்சார் வெச்சு ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பார்க் குடுக்கற சிங்கிள் சிலிண்டரா இருந்தா டி மார்க்ல நிறுத்தி, கேம் மூக்கு ரெண்டும் கீழ பாக்கற மாதிரி வெச்சு மாட்டுங்க, வால்வை அமுக்கற ராக்கர் ரெண்டும் லூசா ஆடணும். ரெண்டு, நாலு சிலிண்டர் வண்டின்னா இது செல்லாது, சர்வீஸ் மேனுவல் பாத்தே ஆகணும். டேப்பெட் கேப்பை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடற இடைவெளி) இன்ஜின் முழுசா ஆறுனப்புறம் வைங்க.