வேலையும் குடும்பமும் நெருக்கும்போது டிரையத்லான் பயிற்சிக்குத் திரும்புவது எப்படி?

முன்பு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி) செய்தீர்கள், குழந்தையும் வேலையும் வந்ததில் நின்றுபோயிற்று, மீண்டும் தொடங்க நேரமே கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது, சைக்கிளை விற்க மனம் வராமல் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால் நேரம் தானாகக் கிடைக்கும் என்று அறிவுரை சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. இரவு பன்னிரண்டுக்குக் கடை சாத்துகிறவன் நான்கு மணிக்கு எழுந்தால் மறுநாள் வேலையும் கெடும், பயிற்சியும் உடம்பில் ஒட்டாது. தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

நான் மதுரையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வருமானம். தை, வைகாசி, ஆவணியில் என் பொழுது என் கையில் இருப்பதில்லை. பொதுவாகக் கிடைக்கும் 16 வாரத் திட்டங்களோ எல்லா வாரமும் ஒன்றுபோல இருக்கும் ஆட்களுக்காகப் போடப்பட்டவை. அதனால் நான் பஞ்சாங்கத்தை வைத்துத் திட்டம் போட்டேன். முகூர்த்த மாதங்களில் பிடி விட்டுப்போகாத அளவுக்கு மட்டும்: தெப்பக்குளத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஓட்டம், வாரத்தில் ஒரு நாள் நீச்சல். தெப்பக்குளத்தை நான்கு முறை சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாண வேலை குறையும். நீண்ட பயிற்சி எல்லாம் அப்போதுதான். ஆடியில் கோயில் நோட்டீஸ் வரும், அதை ஒரு பையன் பார்த்துக்கொள்வான்.

மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்த் திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டர், ஒலிம்பிக் தூரப் போட்டியின் சைக்கிள் பகுதி அப்படியே வந்துவிடும். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது முகத்தில் அறையும். அந்தத் திரும்பும் வழியில்தான் என் தொடைகளுக்குப் பழைய பலம் வந்தது. ஆடித் தேரோட்ட நாட்களில் மட்டும் அந்தச் சாலையை விட்டுவிடுங்கள், பக்தர்கள் கூட்டத்துக்கு நடுவே சைக்கிளில் வேகம் காட்டக் கூடாது.

சொந்த அச்சகம் என்பதால் முடிகிறது, சம்பளக்காரனுக்கு முடியுமா என்று யாராவது கேட்பார்கள். எனக்கு முதலாளி ஒருவர் இல்லை, பத்திரிகை அடிக்க வரும் ஒவ்வொருவரும் முதலாளி. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அச்சும் ஓடி முடிந்த பிறகு, இரவு பத்தரைக்கு அழைத்து, "சின்ன மாமா பேர் விட்டுப்போச்சு, சண்டை வந்துடும், சேர்த்துடுங்க" என்பார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை என்னுடையது, சனி மாலை மனைவியுடையது. அந்த மாலையில் அவர் வீணை வகுப்புக்குப் போகிறார். பிள்ளைகளின் பாடமும் இரவுச் சமையலும் என் பொறுப்பு, எந்த முகூர்த்தம் வந்தாலும் இது மாறாது. வீட்டில் இப்படிப் பேசி முடிக்காமல் பயிற்சியைத் தொடங்கினால் ஒரு மாதத்தில் மனத்தாங்கல் வரும்.

உடம்பைப் பொறுத்தவரை, மூச்சு விரைவில் திரும்பிவிடும், தசைநாண்கள் அவ்வளவு விரைவில் பழகா. மூச்சு நன்றாக இருக்கிறதே என்று ஓட்டத்தைக் கூட்டினால் குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொள்ளும். அதனால் சைக்கிளை முதலில் கூட்டுங்கள், ஓட்டத்தைக் கடைசியில். சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் 'பிரிக்' பயிற்சியைப் பத்து நிமிட ஓட்டத்தோடு நிறுத்துங்கள். நீச்சலில், என்னைப்போலக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவர்களுக்குத் தலையைத் தூக்கியே நீந்தும் வழக்கம் இருக்கும். தலை தூக்கினால் இடுப்பு தாழும், ஆற்றல் வீணாகும். ஒரு பயிற்சியாளரிடம் சில நாட்கள் போய், பக்கவாட்டில் மூச்சு எடுப்பதைத் திருத்திக்கொண்டால் மாதக்கணக்கான உழைப்பு மிச்சம்.

முதலில் ஸ்பிரின்ட் தூரத்துக்குப் பதியுங்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முன்பு நீங்கள் இதைவிடப் பெரிய தூரம் முடித்தவராகவே இருக்கலாம், இருந்தாலும் இதையே எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியிருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.