அடித்துச் சொல்வதும் அறுதியிட்டுச் சொல்வதும்

சென்ற முறை 'உறுதி' என்ற சொல்லை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். அதற்கு வந்த கேள்விகள் மேசை நிறையக் கிடக்கின்றன. ஆறு கேள்விகளுக்குத்தான் இங்கே இடம்.

கேள்வி (உவர்மலை): உறுதியாகக் கூறினார், உறுதியளித்தார், உறுதிப்படுத்தினார் என்று செய்திகளில் மாற்றி மாற்றி எழுதுகிறேன். பிழையா?

பிழைதான், அதுவும் சின்னப் பிழை இல்லை. உறுதியளிப்பது இனி நடக்கப்போவதற்கு: "மாரிக்கு முன் வீதி திருத்தப்படும் என்று உறுதியளித்தார்." ஏற்கெனவே உலவும் கதையை மெய்தான் என்று ஏற்றால் அது உறுதிப்படுத்துவது: "மூதூர்ப் படகு இன்று ஓடாது என்பதை உறுதிப்படுத்தினார்." உறுதியாகக் கூறுவதற்கு இரண்டும் வேண்டாம். அது பேசியவரின் துணிபு மட்டுமே, நாளைக்குப் பொய்த்தும் போகலாம். அந்த இடத்தில் 'உறுதிப்படுத்தினார்' என்று எழுதினால், அவர் சொன்னதற்கு நீங்களும் சேர்ந்து கையொப்பம் வைத்த மாதிரி.

'வலியுறுத்தினார்' என்ற சொல்லையும் பலர் இதற்குள் இழுத்து விடுகிறார்கள். "குளக்கட்டைத் திருத்த வேண்டும் என்று வலியுறுத்தினார்" சரி. "தான் அங்கே போகவே இல்லை என்று வலியுறுத்தினார்" என்பது என் காதுக்கு இடிக்கிறது. அங்கே 'அடித்துச் சொன்னார்' போதும். எழுதுகிறவருக்கே நம்பிக்கை இல்லையென்றால் 'சாதித்தார்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது வாசகருக்குக் கண் காட்டும் சொல், செய்தியில் கவனம். (வைணவர் பேச்சில் பெரியவர்கள் சொல்வதைச் 'சாதிப்பது' என்பது மரியாதை. நம் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளை மிட்டாய்க்குச் சாதிப்பதுதான் வழக்கம்.)

கேள்வி (தம்பலகாமம்): "காணி உறுதி கைக்கு வந்துவிட்டது" என்று சென்னையில் உள்ள உறவினரிடம் சொன்னேன். யார் உறுதி கொடுத்தார்கள் என்று கேட்கிறார்!

அவர்மேல் குற்றமில்லை. அங்கே அது பத்திரம். இலங்கையில் நமக்கு நொத்தாரிசு எழுதி முடிப்பது உறுதி. நன்கொடை உறுதி, சீதன உறுதி என்று அதில் வகைகளும் உண்டு. நம்முடைய சத்தியக் கடதாசியும் அங்கே பிரமாணப் பத்திரம் ஆகிவிடும். பெயரில் சத்தியம் இருந்தாலும் எல்லோரும் அதில் சத்தியம் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. சத்தியம் செய்வது பற்றிய இலங்கையின் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் 'உறுதி கூறுவார்கள்'. சத்தியம் செய்கிறவர்கள் கிறிஸ்தவர்கள். சமாதான நீதவான் முன்னால் அடுத்த முறை நிற்கும்போது அந்தக் கடதாசியின் முதல் வரியை வாசித்துப் பாருங்கள்.

கேள்வி (பாடசாலை மாணவி, நகரம்): ஆணித்தரமாகப் பேசினார் என்கிறோமே, சுவரில் அடிக்கும் ஆணியா அது?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், படமும் பொருந்தி வருகிறது. ஆனால் ஆணிப்பொன், ஆணிமுத்து என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன: மாற்றுக் குறையாத பொன், முதல்தர முத்து. 'தரம்' என்ற சொல் அந்த ஆணியோடுதான் ஒட்டுகிறது என்பது என் சாய்வு. அப்படியானால் ஆணித்தரமான பேச்சு சத்தமான பேச்சு அல்ல, கலப்பில்லாத பேச்சு. மேசையைத் தட்டியவரை எல்லாம் ஆணித்தரமாகப் பேசினார் என்று எழுதாதீர்கள்.

கேள்வி (நிலாவெளி): 'நிச்சயம்' வடசொல். தமிழில் வேறு இல்லையா?

திண்ணம், உறுதி, ஐயமில்லை. எனக்குப் பிடித்தது 'ஒருதலை'. அமைச்சருக்கு வேண்டியவற்றை எண்ணும்போது "ஒருதலையாச் சொல்லலும்" என்கிறது குறள் (634). இரு பக்கமும் சாயாமல், இதுதான் என்று துணிந்து சொல்வது. இன்று அதை எழுதினால் காதல் கதை என்று நினைப்பார்கள், ஆகவே நிச்சயத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிண்ணியா): "கண்டிப்பாக வருவேன்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கள் வாப்பா "கட்டாயம் வருவன்" என்பார். எது சரி?

இரண்டும் சரி. கண்டிப்பு என்றால் நம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது பிரம்போடு நிற்கும் வாத்தியார். வருவதற்கும் போவதற்கும் அது தமிழ்நாட்டுப் படங்களோடு வந்து சேர்ந்தது. உங்கள் வாப்பா கட்டாயத்தோடு 'இன்ஷா அல்லாஹ்' என்றும் சேர்த்திருப்பாரே? நாளைக்கு நடப்பதைத் தன் கையில் இருப்பதுபோலச் சொல்லக் கூடாது என்ற பணிவு அது. வராமல் விடுவதற்கான சாட்டாக அதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது சொல்லின் பிழை அல்ல.

கேள்வி (கோணேசர் கோயில் அடியார்): சம்பந்தர் பதிகத்தில் கடைசிப் பாட்டைத் தவிர மற்றவை "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடிகின்றன. அந்த 'ஏ' அடித்துச் சொல்லும் 'ஏ'யா?

நல்ல கேள்வி. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது, நன்னூல் ஆறு. இரண்டிலும் துணிந்து சொல்லும் தேற்றமும் உண்டு, ஈற்றசையும் உண்டு. தேற்றத்துக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "உண்டே மறுமை": மறுமை இருக்கிறது, சந்தேகம் வேண்டாம். உங்கள் பதிகத்தில் இருப்பதை இலக்கணக்காரர்கள் ஈற்றசை என்றே சொல்வார்கள். பாட்டை முடித்துவைக்கும் அசை, அவ்வளவுதான்.

நான் அவர்களோடு சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் சம்பந்தர் இங்கே திருகோணமலைக்கு வந்து பாடவில்லை, இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. கடலுக்கு அப்பால் நின்று, காணாத மலையைப் பாட்டுக்குப் பாட்டு "அமர்ந்தாரே" என்று முடிக்கிறவரின் வாயில் அது வெறும் அசைதானா என்று, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை ஏறும்போதெல்லாம் யோசிப்பேன். பேச்சில் அடித்துச் சொல்லும் வேலையை இப்போது 'தான்' என்ற சொல் பார்க்கிறது. போன வெள்ளி படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, நடை சாத்தியிருப்பார்களோ என்று கேட்ட பேத்தியிடம் சொன்னார்: "அவர் இங்கைதான் இருக்கிறார், நீ நட."